இருபத்தேழு பக்கப் பின்னணி

நத்தை அதிவேகமாக வண்டி ஓட்டி விபத்தை உண்டாக்கினார் என்று பேருந்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தபோது டிப்போவில் சிரிக்காதவர் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் ஓட்டுகிற வண்டியைச் சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போவார்கள். நத்தை என்கிற பட்டப்பெயரை வைத்ததே கம்பெனி மேலாளர்தான். அதே மேலாளர்தான் இந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார். கையெழுத்துப் போடும்போது அவர் கை கூசவில்லை. அந்த மாதிரி வேலைக்கு அந்த மாதிரி கைகளைத்தான் பார்த்து எடுக்கிறார்கள்.

நடந்தது இதுதான். இறக்கத்தில் வண்டி வரும்போது பிரேக் பிடிக்கவில்லை. மிதித்தால் காற்று இறங்குகிறது, சக்கரம் நிற்கவில்லை. எதிரே நிறுத்தத்தில் பதினைந்து பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். நத்தை ஸ்டீயரிங்கை ஒடித்து மருந்துக் கடைச் சுவரில் கொண்டுபோய் மோதினார். சுவரோரம் உட்கார்ந்திருந்த குடை ரிப்பேர்காரருக்குக் கால் முறிந்தது. அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய் நத்தை கட்டிலருகில் அழுதபோது, அவர்தான் இவரைத் தேற்றினார். "விடுய்யா. நீ அந்தப் பக்கம் விட்டிருந்தா இன்னைக்குப் பதினஞ்சு வீட்டுல அழுதுட்டு இருப்பாங்க."

அந்த வண்டிக்குப் பிரேக் சரியில்லை என்று விபத்துக்கு முன்பே மூன்று தடவை டிப்போவின் குறைப்பதிவு நோட்டில் நத்தை எழுதியிருந்தார். நோட்டில் எழுதும்போது அடியில் கார்பன் வைத்து ஒரு நகல் எடுத்து ஓட்டுநரே வைத்துக்கொள்வது வழக்கம். மூன்று நகலும் அவர் சட்டைப்பையில் இருந்தன. கம்பெனிக் கடிதத்துக்கு லைசென்ஸ் விசாரணை அலுவலகத்தில் இருபத்தோரு நாளைக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் ரத்து. லைசென்ஸ் போனால் வேலை போகும். நத்தைக்கு வேறு வேலை தெரியாது.

"நல்ல வக்கீலா பாருங்க" என்றாள் மனைவி.

"பாத்தாச்சு" என்றார் அவள் அண்ணன். "ஊர்லயே அவங்களுக்குத்தான் பின்னணி ஜாஸ்தி."

வக்கீல் அலுவலகம் மூன்று மாடிக் கட்டடம். வரவேற்பு மேசையில் இருந்த பெண்மணி நத்தையின் பெயரைக் கேட்கவில்லை, என்ன விஷயம் என்றும் கேட்கவில்லை. ஒரு தடித்த புத்தகத்தை நீட்டினார்.

"எங்க வக்கீல்களோட தொழில்முறைப் பின்னணி. இருபத்தேழு பக்கம். படிச்சுட்டு ஒவ்வொரு பக்கத்துலயும் 'படித்தேன், வியந்தேன்'னு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"வியக்கலைன்னா?"

"திரும்பப் படிக்கணும்."

நத்தை கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். வெளிச்சம் வரவேண்டிய ஜன்னல் மீதும் நான்கு தொங்கின. கீழே பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் புத்தகத்தைத் திறக்காமலே பக்கத்துக்குப் பக்கம் வியந்து கையெழுத்துப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நத்தை அப்படிப்பட்டவர் இல்லை. வண்டியின் டயரைத் தட்டிப் பார்க்காமல் ஒரு நாளும் ஏறி உட்காராதவர் அவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார்.

பெரிய வக்கீல் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவர். கலந்துகொண்டவர்கள் இருவர் என்பது அடிக்குறிப்பில் இருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரோடு ஒரே ரயில் பெட்டியில் பதினாறு மணி நேரம் பயணம் செய்தவர். தலைநகரில் நடந்த மாபெரும் வழக்கு ஒன்றில், நேரில் போய், வாய்தா வாங்கியவர். சின்ன வக்கீலின் தகுதிகளில் முதலாவதாகப் பெரிய வக்கீலின் மகளைக் கல்யாணம் செய்ததும், நான்காவதாகச் சட்டம் படித்ததும் போடப்பட்டிருந்தன. அவரை அலுவலகத்தில் எல்லோரும் மாப்பிள்ளை வக்கீல் என்றே கூப்பிட்டார்கள்.

இரண்டாம் நாள் அதே பின்னணியைப் படமாகப் போட்டுக் காட்டினார்கள். அதில் பெரிய வக்கீல் மாடிப்படியில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். நான்காம் நாள் மாப்பிள்ளை வக்கீலுக்கு ஏதோ ஒரு சங்கத்தில் இணைப் பொருளாளர் பதவி கிடைத்தது. புத்தகத்தில் ஒரு வரி கூடிவிட்டதால் எல்லோரும் முதலிலிருந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஏழாம் நாள் அந்தப் பதவியை ராஜினாமா செய்தார். அதற்கும் ஒரு வரி. இப்படியாகத்தான் ஒரு மனிதனின் இருபத்தோரு நாளில் ஒன்பது நாளை அந்த ஆட்கள் தின்று ஏப்பம் விட்டார்கள்.

ஒன்பதாம் நாள் பெரிய வக்கீலின் அறைக்குள் நத்தையையும் அவர் மனைவியையும் விட்டார்கள். வக்காலத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியபின் பெரிய வக்கீல் ஒரு படிவத்தை எடுத்தார்.

"இப்ப உங்க பின்னணி. சொல்லுங்க."

"இருபத்திரண்டு வருஷம் சார். விபத்தே கிடையாது. மழைல, வெள்ளத்துல, வேலைநிறுத்தத்துல..."

"ஒரு வரிதான் இடம் இருக்கு. 'ஓட்டுநர்'னு போட்டுக்கறேன்."

நத்தை சட்டைப்பையிலிருந்து மூன்று கார்பன் நகலையும் எடுத்து மேசையில் வைத்தார். தேதி, வண்டி எண், 'பிரேக் பிடிக்கவில்லை', கீழே டிப்போ கண்ட்ரோலரின் சுருக்கொப்பம். மூன்றிலும் அதே. பெரிய வக்கீல் அவற்றை வாங்கிக் காகிதக் கற்றை ஒன்றின் அடியில் செருகினார். நத்தை அந்தக் கற்றையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு கேட்க வந்ததைக் கேட்டார்.

"சார், புத்தகத்தை முழுசாப் படிச்சேன். ஜெயிச்ச கேஸ் ஒண்ணுகூட அதுல இல்லையே?"

"ஜெயிக்கிறதும் தோக்கிறதும் கட்சிக்காரங்க விஷயம்" என்றார் பெரிய வக்கீல், கோபப்படாமல். "பின்னணிதான் எங்க விஷயம். ஒருத்தர் விஷயத்துல இன்னொருத்தர் தலையிடக் கூடாது."

"பத்தொன்பதாம் பக்கத்துல ஒரு வரி இருக்கு சார். எங்க பஸ் கம்பெனிக்குப் பதினோரு வருஷமா நீங்கதான் சட்ட ஆலோசகர்னு."

பெரிய வக்கீல் புத்தகத்தைப் புரட்டி அந்த வரியைத் தேடிப் படித்தார். அவர் முகத்தில் பெருமை பரவியது.

"அடடே. ஆமா. நல்ல வரி."

"என் மேல கேஸ் போட்டிருக்கிறதே அந்தக் கம்பெனிதான்."

"அதான் உங்க அதிர்ஷ்டம். அவங்க என்ன சொல்வாங்கன்னு எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஏன்னா அதை எழுதிக் குடுக்கிறதே நாங்கதான். உங்களுக்கு வந்த கடிதத்தைக்கூட மாப்பிள்ளைதான் எழுதினார். எவ்வளவு கச்சிதமா இருந்துச்சு, பாத்தீங்களா?"

நத்தையின் மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறீங்களே, இது அடுக்குமா?" என்றாள்.

"அம்மா, தப்பாப் புரிஞ்சுக்கறீங்க. கிள்ளுறது மாப்பிள்ளை. ஆட்டுறது நான். நடுவுல ஒரு கண்ணாடிக் கதவு இருக்கு. ஃபைல் எடுக்க வந்தாக்கூடக் கதவைத் தட்டிட்டுத்தான் வருவார். அந்த ஒழுக்கத்தை இந்த ஊர்ல வேற எந்த ஆபீஸ்லயும் பாக்க முடியாது."

அவர் சொல்லி முடிக்கும்போதே கண்ணாடிக் கதவு தட்டப்பட்டது. மாப்பிள்ளை வக்கீல் சிரித்த முகத்தோடு உள்ளே வந்து, மாமனாரின் மேசையில் இருந்த காகிதக் கற்றையை எடுத்துக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

"அந்தக் கட்டுலதான் சார் என் நகல் இருக்கு."

"எங்கேயும் போகாது. ஒரு கம்பெனிக்கு ஒரு அலமாரி. அந்தக் கம்பெனி சம்பந்தப்பட்ட எல்லாக் காகிதமும் அந்த அலமாரிக்குள்ள பத்திரமா இருக்கும்."

"எந்திரிங்க, போகலாம்" என்றாள் மனைவி. "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம். இவங்க வக்கீலே வேண்டாம்."

"தாராளமா" என்றார் பெரிய வக்கீல். "ஆனா இப்பத்தான் வக்காலத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. விடுவிப்புக் கடிதம் குடுக்கப் பதினாலு நாள் ஆகும். உங்களுக்கு இருக்கிறது பன்னெண்டு."

நத்தைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மேசையைக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும் போலிருந்தது. கவிழ்க்கவில்லை. லைசென்ஸ் வைத்திருக்கிற மனிதன் எதையும் கவிழ்க்கக் கூடாது என்பது அவர் இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

பதிலை இருபத்தோராம் நாள் மாலை நாலரைக்குத் தாக்கல் செய்தார்கள். விசாரணை அலுவலகத்தில் முப்பது பக்கத்துக்கு மேல் வாங்க மாட்டார்கள். இருபத்தேழு பக்கம் பின்னணி, ஒரு பக்கம் பின்னணிக்குப் பொருளடக்கம், ஒரு பக்கம் பின்னணி முடிந்ததைக் காட்ட மரியாதைக்காக விட்ட வெற்றுத்தாள். மிச்சம் ஒரு பக்கத்தில் நத்தையின் கதை. 'கட்சிக்காரர் குற்றச்சாட்டை மறுக்கிறார். இதர விவரங்கள் இடமின்மையால் சேர்க்கப்படவில்லை.'

"அந்த வெத்துத்தாளை எடுத்துட்டு என் நகலை வெச்சிருக்கலாமே" என்றார் நத்தை.

"அப்ப பின்னணி எங்க முடியுதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் பெரிய வக்கீல்.

விசாரணை மறுநாளே. நீள மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஒரு தரப்புக்குப் பத்து நிமிடம் என்று சொல்லிக் கடிகாரத்தை மேசைமேல் வைத்தார். பெரிய வக்கீல் எழுந்தார். கறுப்புக் கோட்டைச் சரிசெய்துகொண்டார். ரயில் பெட்டியிலிருந்து ஆரம்பித்தார். ஐந்தாவது நிமிடத்தில் நத்தை அவர் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்தார். ஏழாவது நிமிடத்தில் மறுபடி இழுத்தார். தலைநகரத்தில் வாய்தா வாங்கிய வரலாறு உச்சத்தை எட்டியபோது பத்து நிமிடம் முடிந்தது.

"அருமை" என்றார் அதிகாரி. உண்மையிலேயே நெகிழ்ந்து போயிருந்தார். "இந்தச் சின்ன அறைக்கு இப்படிப்பட்ட ஒருத்தர் வந்து நிக்கிறது பெரிய விஷயம். எதிர்த்தரப்பு?"

மாப்பிள்ளை வக்கீல் எழுந்து, "பின்னணியைப் பொறுத்தவரை, முன்னால பேசினவர் சொன்னதே எனக்கும் பொருந்தும்" என்றார். அதற்கு ஆறு விநாடி ஆனது. மிச்சம் ஒன்பது நிமிடம் ஐம்பத்து நான்கு விநாடியையும் நத்தை எவ்வளவு வேகமாக வண்டி ஓட்டினார் என்று விளக்க அவர் எடுத்துக்கொண்டார்.

நத்தை எழுந்து நின்றார். "சார், பிரேக்கு பிடிக்கலை சார். மூணு தடவை எழுதி வெச்சேன். அந்த நோட்டை வரவழைச்சுப் பாருங்க."

"வக்கீல் வெச்சிருக்கிறவர் வக்கீல் மூலமாத்தான் பேசணும்."

"அப்ப எனக்கு வக்கீல் வேண்டாம்."

"விடுவிப்புக் கடிதம் இருக்கா?"

இல்லை. லைசென்ஸ் ரத்து. அதிகாரி முத்திரையை ஓங்கிக் குத்தினார். நத்தைக்கு அது நெஞ்சில் விழுந்த மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருஷம் ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட ஏற்றாமல் ஓட்டிய மனிதனை வேகக்காரன் என்று எழுதி மூடிவிட்டார்கள். வெளியே வராந்தாவில் பெரிய வக்கீல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நல்லபடியா முடிஞ்சுது."

"யாருக்கு?"

"விசாரணை. நல்லபடியா முடிஞ்சுது." பக்கத்தில் வந்த மருமகனின் தோளில் கைபோட்டுக்கொண்டு அவர் காருக்குப் போனார். இருவருக்கும் ஒரே கார்.

மறுநாள் காலை நத்தை டிப்போ வாசலுக்குப் போனார். ஏன் போனார் என்று அவருக்கே தெரியாது. கால் பழக்கத்தில் போய்விட்டது. அந்த வண்டி வெளியே வந்துகொண்டிருந்தது. முன்பக்கம் தகரத்தைத் தட்டிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். உள்ளே முப்பது நாற்பது பேர். ஸ்டீயரிங்கில் புதிதாகச் சேர்ந்த பெண் ஓட்டுநர். நத்தை குறுக்கே போய் நின்றார். வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி, அவருக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது.

"பாத்தியாம்மா? இங்கேயே இப்படின்னா இறக்கத்துல என்ன ஆகும்? பிரேக்கு பிடிக்காது இதுக்கு. இறங்கிடு."

அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். முகத்தில் பயமும் சங்கடமும் இருந்தன. "அண்ணே, எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. ஆனா செக் பண்ணியாச்சுன்னு கண்ட்ரோலர் சொல்றாரு. உங்களை வேகமா ஓட்டினீங்கன்னு தள்ளிட்டாங்க. உங்க பேச்சைக் கேட்டு வண்டி எடுக்கலைன்னா நாளைக்கு என்னையும் தள்ளிடுவாங்க. வீட்டுல நான் ஒருத்திதான் சம்பாதிக்கறேன்."

அவளைத் திட்ட நத்தைக்கு வாய் வரவில்லை. காவலாளிகள் இரண்டு பேர் வந்து அவரைக் கைத்தாங்கலாக ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வண்டி போனது.

நான்காம் நாள் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. இருபத்தெட்டுப் பக்கம். கம்பெனியின் சார்பாக மாப்பிள்ளை வக்கீல் அனுப்பியிருந்தார். முதல் இருபத்தேழு பக்கமும் வழவழப்பான தாள், தங்க நிற எழுத்து, ஒரு பிழை இல்லை. பின்னணியில் இப்போது ஒரு வரி கூடியிருந்தது: 'பேருந்து விபத்து விசாரணையில் இரு தரப்பிலும் ஆஜராகி வெற்றி கண்ட அனுபவம்.' நத்தை அதைப் படித்துவிட்டுப் பல்லைக் கடித்தார். மனைவி அவர் கையிலிருந்து பிடுங்கிக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். சமையலறை வெளிச்சத்தில் உரக்கப் படித்தாள்.

"'மேற்படி பேருந்தின் பிரேக் பழுதாக இருந்ததைத் தாங்கள் விபத்துக்கு முன்பே அறிந்து, மூன்று தேதிகளில் குறைப்பதிவு நோட்டில் எழுதியுள்ளீர்கள். கண்ட்ரோலரின் சுருக்கொப்பமுள்ள அந்த மூன்று நகல்களும் எங்கள் அலமாரியில் உள்ளன. பழுது தெரிந்தே வண்டியை ஓட்டியது தங்கள் குற்றம். மேலும், அந்தப் பேருந்து விபத்துக்குப் பிறகும் பிரேக் பழுது பார்க்கப்படாமல், எவ்வித ஆட்சேபணையுமின்றி இயங்கிவரும் நிலையில், தாங்கள் மட்டும் அதை வழிமறிப்பது கம்பெனியின் நற்பெயருக்குக் களங்கம்.'"

அவள் நிறுத்தினாள். மறுபடி ஒரு தடவை, இம்முறை மெதுவாக, தனக்குள் படித்தாள்.

"என்னங்க, பிரேக்கு சரியில்லைன்னு இவங்களே எழுதி முத்திரையும் குத்தி அனுப்பியிருக்காங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது கத்தும்போது தான் கத்துவது காதில் விழும். இந்த ஆட்கள் இருபத்தேழு பக்கத்தை ஒன்பது தடவை திருத்துவார்கள். இருபத்தெட்டாவது பக்கத்தை அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதில் இருப்பது வெறும் கட்சிக்காரன்.

நத்தை முதல் இருபத்தேழு பக்கத்தையும் கிழித்து அடுப்படியில் போட்டார். மிச்சம் ஒரு தாளோடு விடிந்ததும் டிப்போ வாசலுக்குப் போனார். இந்தத் தடவை குறுக்கே நிற்கவில்லை. ஷிஃப்டுக்கு வந்த ஓட்டுநர்களிடம் தாளைக் கொடுத்தார். ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். பெண் ஓட்டுநர் தாளை வாங்கி, வண்டி எண்ணை இரண்டு தடவை பார்த்தாள். 'எங்கள் அலமாரியில் உள்ளன' என்ற இடத்தில் விரலை வைத்தாள். பிறகு நேரே கண்ட்ரோலர் அறைக்குப் போய்ச் சாவியை அவர் மேசையில் வைத்தாள்.

"கம்பெனி வக்கீலே பிரேக்கு இல்லைங்கறாரு. நான் எடுக்க மாட்டேன்."

அவளுக்குப் பின்னால் இன்னும் பதினோரு சாவி மேசைக்கு வந்தன. கண்ட்ரோலர் வெலவெலத்துப் போய் ஆலோசனை கேட்க வக்கீல் அலுவலகத்துக்குப் போன் போட்டார். மறுமுனையில் இனிமையான ஒரு குரல், இணைப்புக்குக் காத்திருக்கும் நேரத்தில் எங்கள் வக்கீல்களின் தொழில்முறைப் பின்னணியைக் கேளுங்கள் என்றது. கண்ட்ரோலர் நாற்பது நிமிடம் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றார்.

அவர் அப்படி நின்ற நேரத்தில், யார் உத்தரவும் இல்லாமல், மெக்கானிக் ஒருவர் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் லைனிங் தேய்ந்து தகடாகி ஆணித்தலைகள் வெளியே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. அவர் அதைக் கையில் எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். பெண் ஓட்டுநர் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான்கு நாள் அந்த இறக்கத்தில் நாற்பது பேரோடு போய் வந்தவள் அவள்.

நத்தை கேட்டுக்கு வெளியே நின்றுதான் இதைப் பார்த்தார். லைசென்ஸ் இல்லாதவரை உள்ளே விட உத்தரவு இல்லை என்று காவலாளி சொல்லிவிட்டார். நத்தை கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அன்றுவரை யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசியிராத அந்த மனிதர், கண்ட்ரோலர் அறையைப் பார்த்து டிப்போ முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"இதைத்தான்டா மூணு தடவை எழுதினேன்."